கூத்தின் தப்பொலியும் சித்திரத் தொடரின் பின்னணி இசையும்

ஆடலும் பாடலும் கதையும் ஒருங்கியையும் கலைகள் எல்லாவற்றிலும், பேசுவோர் பேச, ஆடுவோர் ஆட, அவற்றின் பின்னே நின்று ஒலிக்கும் இசையொன்று உண்டு. அவ்விசையைத் தனித்துக் கேட்பார் சிலரே. ஆயினும் அஃது இல்லாதொழியின் காட்சி வெறுமையுற்றுத் தோன்றும் என்பதை யாவரும் உணர்வர். கூத்துக் களரியில் ஒலிக்கும் தப்பும் மத்தளமும், நாடக மேடையில் ஒலித்த ஆர்மோனியமும், திரைப்படத்தில் ஒலிக்கும் வாத்தியக் குழுவும் இவ்வகையின. யப்பான் நாட்டில் ஆக்கப்பெற்று, அனிமே என்னும் பெயரால் உலகெங்கும் பரவி, இன்று தமிழிலும் பேசுகின்ற சித்திரத் தொடர்களின் பின்னணி இசையும் இவ்வகைக்கு உரியதே. இவ்விசை எவ்வாறு ஆக்கப்படுகின்றது, ஆக்கிய இசை எவ்வாறு மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றது, வேற்று மொழிக்குப் பெயரும்போது அதற்கு யாது நேர்கின்றது என்னும் மூன்று வினாக்களும் ஆராயத்தக்கன. இவற்றை மலையகத்துக் கூத்திலிருந்து தொடங்கி நோக்குதல் பொருந்தும். முதலிரண்டு வினாக்களுக்கும் உரிய விடை அக்கூத்திலே முன்னரே அமைந்து கிடக்கின்றது.

பதுளை நகரையடுத்து, நமுனுகுலை மலைத்தொடரின் சாரலில் தேயிலை படர்ந்து கிடக்கும் தோட்டப் பகுதி ஸ்பிரிங்வெளி. ஊவா மாகாணத்தின் ஏனைய தோட்டங்களிற் போலவே இங்கு வாழும் தமிழ் மக்களின் முன்னோரும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து, கால்நடையாய் மலையேறி வந்தவர்கள். பதுளைக்குப் புகைவண்டிப் பாதை வந்து சேர்ந்தது 1924 ஆம் ஆண்டிலேதான் என்பதை நினைந்தால், அதற்கு முன் வந்தோரின் வழிநடைத் துன்பம் ஒருவாறு விளங்கும். அவர்கள் கையிற் கொண்டுவந்த பொருள் சிறிது. நினைவிற் கொண்டுவந்த கலைச்செல்வம் பெரிது. காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் அவ்வாறு வந்து லயத்து வாழ்க்கையோடு ஒன்றி நிலைபெற்றவை.

இக்கூத்துகளுக்கெல்லாம் உயிராய் நிற்பது தப்பு. வட்டமாய் வளைத்த மரச் சட்டத்தில் தோலை இறுகப் போர்த்துச் செய்யப்படும் இக்கருவியை, ஆடும் முன்னர் நெருப்பிற் காய்ச்சிச் சுருதி கூட்டுவர். ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட குச்சியுமாகக் கொண்டு அடிக்கும்போது, கனத்த ஒலியும் கூரிய ஒலியும் மாறி மாறி எழும். இவ்விரண்டொலிகளின் சேர்க்கையாலும், காலத்தின் விரைவு தாழ்வாலும், பல்வேறு அடிவகைகள் பிறக்கின்றன. தோட்ட வாழ்க்கையில் அவ்வடிவகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருள் உணர்த்தின. வைகறையில் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைக்கும் அடி ஒன்று. கோயில் திருவிழாவுக்குரிய அடி ஒன்று. மணவீட்டுக்குரிய அடி பிறிதொன்று. இறப்பை அறிவிக்கும் அடி இன்னொன்று. தூரத்து லயத்தில் இருப்பவர், ஆளைக் காணாமலே, அடியைக் கேட்ட அளவில் நிகழ்ச்சியை உணர்ந்து கொள்வர். சொல் ஒன்றும் இன்றியே செய்தி முழுவதும் சென்று சேர்ந்தது என்க.

இந்த அடிவகைத் தொகுதியே காமன் கூத்தில் பின்னணி இசையாகத் தொழிற்படுகின்றது. மாசித் திங்களில், அமாவாசைக்குப் பின்னர்க் காமன் ஊன்றித் தொடங்கும் இக்கூத்து, தவத்தில் அமர்ந்த சிவபெருமான்மீது மலரம்பு எய்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பராகியதும், இரதியின் புலம்பலுக்கு இரங்கி அவன் மீட்டும் உயிர்பெற்றதுமாகிய கதையை நிகழ்த்திக் காட்டுவது. கந்தபுராணத்திலும் விரிவாய்ப் பேசப்படும் கதை இது. இரதியும் மன்மதனும் இணைந்தாடும் ஆட்டத்துக்கு அடி ஒன்று. சினந்து வரும் வீரபத்திரனுக்கு விரைந்த அடி. எமன் வரவுக்கு அச்சம் விளைக்கும் அடி. இரதி புலம்பும்போது தாழ்ந்து தளர்ந்த அடி. புதிய பாத்திரம் ஒன்று திடலில் தோன்றுமுன்னரே, அதற்குரிய அடி எழுந்து வரவை உணர்த்திவிடுகின்றது. ஓர் இரவு முழுவதும் நீளும் கூத்துக்கு, இரவு முழுவதற்குமான புதிய இசையை யாரும் ஆக்குவதில்லை. கையளவான அடிவகைகளே இடமறிந்து, காலமறிந்து, திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஒவ்வொரு வகைப் பாத்திரத்துக்கும் வரவுத் தாளக்கட்டு வகுக்கப்பட்டிருப்பதும் இம்முறையினதே.

ஒரு சூழலுக்கு ஓர் இசை என வகுத்துக்கொள்ளும் இவ்வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் திணைகளின் கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை என்றும், முல்லைக்கு ஏறுகோட்பறை என்றும், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்றும் உரையாசிரியர்கள் விரித்துரைத்தனர். நிலமும் தொழிலும் இன்னவென்பதைப் பறையொலியே உணர்த்தும் என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது. தேவாரப் பதிகங்களும் பண்முறையால் வகுக்கப்பட்டபோது, ஒரு பண்ணின்கீழ்ப் பல பதிகங்கள் வந்தமைந்தன. இசை ஒன்று பல பாடல்களுக்கு இடம் கொடுத்தல் குறைபாடாக எண்ணப்படவில்லை.

இடைக்காலத்தில் மட்டுமன்றி அண்மைக் காலத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த பாட்டுப் புத்தகங்களில், பாட்டின் தலைப்பிலே அதற்குரிய மெட்டு இன்ன பழைய பாட்டின் மெட்டு என்று குறிக்கப்பட்டிருக்கும். மலையகத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, தொழிற்சங்க முன்னோடியாகிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையின் பணியாகும். அவர் 1940 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் நூலின் பாடல்கள், மக்கள் செவிக்கு முன்னரே பழகிய மெட்டுகளில் அமைந்தவை. எழுத்தறியாத தொழிலாளரும் மெட்டை முன்னரே அறிந்திருந்தமையால், சொல்லை எளிதிற் பற்றிக்கொண்டனர். பழைய மெட்டு புதிய கருத்துக்கு வண்டியாயிற்று. மறுபயன் என்பது வறுமையின் அடையாளம் மட்டுமன்று, கருத்தைப் பரப்பும் கருவியும் ஆகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனித் திரைக்கு வருவோம். ஊமைப்படக் காலத்தில், படம் ஓடும் கொட்டகையிலேயே வாத்தியக்காரர் அமர்ந்து வாசித்தனர். வாரந்தோறும் மாறும் படங்களுக்கெல்லாம் புதிய இசை அமைத்தல் இயலாததாயிற்று. ஆகவே துயரம், ஓட்டம், போர், இரவு, காதல் என்று உணர்ச்சிவாரியாக இசைத் துண்டுகளைத் தொகுத்து வைத்து, காட்சிக்கேற்ற துண்டை எடுத்து வாசிக்கும் வழக்கம் மேனாட்டில் உண்டாயிற்று. ஏர்னோ ராப்பே என்பார் 1924 இல் இத்தகைய பெருந்தொகுப்பொன்றை நியூயோர்க்கில் வெளியிட்டார். அதன் பக்க ஓரங்களில் உணர்ச்சிகளின் பெயர்ப்பட்டியல் அச்சிடப்பட்டிருந்தது. வாசிப்பவர் படத்தைப் பார்த்தவாறே வேண்டிய பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். தப்படிப்பவரின் நினைவிலிருந்த பட்டியல் இங்கே தாளில் ஏறியது என்று கொள்ளத் தகும்.

பேசும் படம் தோன்றிய பின்னர் இசை படச்சுருளிலேயே பதிந்தது. தமிழ்த் திரையில் நிலைபெற்ற முறை, படப்பிடிப்பும் தொகுப்பும் முடிந்த பின்னர், இசையமைப்பாளர் படத்தை ஒவ்வொரு சுருளாகப் பார்த்து, காட்சியின் நீளத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்பப் புதிய இசையை எழுதி, வாத்தியக் குழுவைக் கொண்டு பதிவு செய்வது. ‘ரீரெக்கார்டிங்’ என்று திரைத்துறையார் வழங்குவது இதனையே. உடுப்பு அளவெடுத்துத் தைக்கப்படுவது போல, இவ்விசை காட்சிக்கு அளவெடுத்துச் செய்யப்படுகின்றது. மூன்று மணி நேரப் படம் ஒன்றுக்கு இம்முறை ஏற்றது. வாரம் ஒன்றாக ஆண்டுக்கு ஐம்பது பகுதிகள் வெளிவரவேண்டிய தொலைக்காட்சித் தொடருக்கு இதனைக் கைக்கொள்ளின் காலமும் பொருளும் போதா.

யப்பானிய சித்திரத் தொடர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவே. ஒசாமு தெசூகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ 1963 சனவரி முதலாம் நாள் யப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரந்தோறும் அரை மணி நேரத்துக்கு வேண்டிய படங்களை வரைந்து முடிப்பது அரிது. கிடைத்த பணமோ சிறிது. ஆகவே ஒருமுறை வரைந்த நடை, ஓட்டம், பறத்தல் முதலிய அசைவுகளைப் பாதுகாத்து வைத்து, வேண்டும்போதெல்லாம் மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டைத் தெசூகாவின் கூடம் மேற்கொண்டது. சேமித்து வைத்து எடுத்துப் பயன்படுத்துவதால், அதனை ‘பாங்கு’ என்றே வழங்கினர். படத்துக்கு ஏற்பட்ட இந்நியதி இசைக்கும் இயல்பாகப் பொருந்தியது.

இம்முறையில் இசை ஆக்கப்படும் வகை வருமாறு. தொடரின் முதற்பகுதி வரைந்து முடியுமுன்னரே, ஒலி இயக்குநர் என்பவர் தொடரின் கதைப்போக்கையும் பாத்திரங்களையும் ஆராய்ந்து, வேண்டிய இசைகளின் பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்கின்றார். ‘காலைப் பொழுதின் அமைதி’, ‘பள்ளிக்கூடத்து விளையாட்டு’, ‘பகைவன் தோற்றம்’, ‘ஐயுறவு’, ‘தோல்வியின் துயர்’, ‘மீண்டெழுதல்’ என்றாற்போல ஒவ்வோர் இசைக்கும் சுருங்கிய விளக்கமும், இலக்கமும், ஏறத்தாழ வேண்டிய நீளமும் அப்பட்டியலில் இருக்கும். இசையமைப்பாளர் படத்தைக் காணாது, இப்பட்டியலையே கண்டு இசை எழுதுகின்றார். நாற்பது ஐம்பது துண்டுகள் ஒருங்கே எழுதப்பட்டு, சில நாட்களுக்குள் வாத்தியக் குழுவால் ஒருசேரப் பதிவு செய்யப்படுகின்றன. பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஒலிப்பவை. இவற்றோடு, ஒரு காட்சியை அடுத்த காட்சியோடு இணைப்பதற்குச் சில நொடிகளே ஒலிக்கும் சிறு துண்டுகளும் சேரும். பின்னர் ஒவ்வொரு பகுதியும் முடிவுறும்போது, இசைத் தெரிவுக்கு உரியவர் இச்சேமிப்பிலிருந்து பொருத்தமான துண்டுகளைத் தெரிந்து, வெட்டியும் ஒட்டியும் குறைத்தும் காட்சியோடு இணைக்கின்றார்.

கணக்கிட்டு நோக்கின் இதன் இன்றியமையாமை விளங்கும். ஒரு பகுதியில் பத்து நிமிடம் பின்னணி இசை ஒலிப்பதாகக் கொள்வோம். ஐம்பது பகுதிகளுக்கு ஐந்நூறு நிமிட இசை வேண்டும். சேமிப்பிலுள்ள ஐம்பது துண்டுகளும் சராசரி இரண்டு நிமிடமாயின் கைவசம் உள்ளது நூறு நிமிடமே. எனவே ஒவ்வொரு துண்டும் ஆண்டுக்குள் ஐந்து முறையேனும் திரும்ப ஒலிக்கவேண்டும். இத்திரும்பல் சலிப்பை விளைக்காமல் இருப்பதற்கு இசையமைப்பாளர் ஓர் உபாயம் கையாள்கின்றார். தலைமைப் பாத்திரத்துக்குரிய ஒரு மெட்டையே எடுத்து, ஒருமுறை எக்காளத்தில் வீரமாகவும், ஒருமுறை குழலில் மென்மையாகவும், ஒருமுறை தனித்த கிதாரில் துயரமாகவும் அமைத்து வைக்கின்றார். மெட்டு ஒன்றாதலின் பாத்திரத்தின் தொடர்பு அறாது. உடை வேறாதலின் உணர்ச்சி வேறுபடும். காமன் கூத்தில் ஓர் அடிவகையே காலம் தாழ்த்தியும் விரைத்தும் அடிக்கப்படுவது இவ்வுபாயத்தோடு ஒப்பிடத்தக்கது.

இத்துறையில் தலைசிறந்தவராக எண்ணப்படுபவர்களுள் ஒருவர் சுன்சுக்கே கிக்குச்சி (1931–2021). தமிழ்ச் சிறுவர்க்கு நன்கு அறிமுகமான ‘டோரேமான்’ தொடர் 1979 இல் தொடங்கி 2005 வரை ஒளிபரப்பாகியபோது அதன் இசை இவருடையது. ‘டிராகன் பால் இசட்’ தொடருக்கும் (1989–1996) இவரே இசை அமைத்தார். பின்னையது 291 பகுதிகள் கொண்டது. அத்துணைப் பகுதிகளுக்கும் இசை வழங்கிய சேமிப்பு, பகுதிகளின் தொகையோடு ஒப்பிடச் சிறியதே. அவ்வாறிருந்தும், ஒரு துண்டு தொடங்கிய அளவில் வரவிருப்பது இடரா வெற்றியா என்பதைப் பார்ப்போர் உணர்ந்தனர். திரும்பத் திரும்ப ஒலித்ததனாலேயே இசை ஒரு மொழியாகிவிட்டது. லயத்திலிருந்தவர் தப்படியை அறிந்தது போல, சிறுவர் இவ்விசையை அறிந்தனர்.

மூன்றாம் வினா மொழிமாற்றத்தைப் பற்றியது. ஒரு தொடர் வேற்று நாட்டுக்கு விற்கப்படும்போது, படத்தோடு இருவகை ஒலித்தடங்கள் செல்லவேண்டும். ஒன்று நடிகர் குரல் மட்டும் உள்ளது. மற்றொன்று குரல் நீக்கி இசையும் ஓசைகளும் மட்டும் உள்ளது. இரண்டாவது தடம் கிடைத்தால், மொழிமாற்றுவோர் பழைய குரலை எடுத்துவிட்டுப் புதிய குரலைச் சேர்த்தலோடு அமையலாம். மூல இசை அவ்வாறே நிற்கும். பழைய படங்கள் சிலவற்றில் குரலும் இசையும் ஒரே தடத்தில் கலந்து பதிந்துவிட்டமையால், குரலை நீக்கும்போது இசையும் உடன் நீங்கும். அந்நிலையில் புதிய இசை அமைத்தல் வேண்டும். தடம் கிடைத்தவிடத்தும், பாட்டுரிமை பெறுவதில் உள்ள செலவு, வாங்கும் நாட்டாரின் சுவை என்னும் காரணங்களால் இசையை மாற்றுவோர் உளர்.

‘டிராகன் பால் இசட்’ இதற்குச் சிறந்த பாடமாகும். அமெரிக்காவில் 1996 இல் அத்தொடர் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது, கிக்குச்சியின் இசை நீக்கப்பட்டு வேறிசை சேர்க்கப்பட்டது. 1999 இல் புரூஸ் ஃபால்கனர் குழுவினரின் இசை அதன் இடத்தைப் பெற்றது. யப்பானிய வடிவத்தில் பல காட்சிகள் இசையின்றி, காற்றொலியோடும் மௌனத்தோடும் நகர்ந்தன. அமெரிக்க வடிவத்தில் மின்கிதாரும் தாளமும் ஏறத்தாழ இடையறாது ஒலித்தன. படம் ஒன்றே, உணர்ச்சியோ வேறாயிற்று. மௌனத்தில் நின்று சிந்திக்கும் வீரன், இடையறாத இசையில் பொறுமையிழந்து நிற்பவனாகத் தோன்றினான். பின்னர் 2007 இல் வெளியான ஒளித்தட்டுகளில், ஆங்கிலக் குரலோடு யப்பானிய இசையையோ அமெரிக்க இசையையோ கேட்போரே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பார்க்கு, பின்னணி இசை கதைக்கு வெளியே நிற்பதன்று, கதையின் ஒரு கூறே என்பது வெளிப்படையாகும்.

‘ரோபோடெக்’ என்னும் தொடரின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. தம்முள் தொடர்பில்லாத மூன்று யப்பானியத் தொடர்களை ஒன்றாகத் தைத்து, 85 பகுதிகள் கொண்ட ஒரே கதையாக 1985 இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். மூன்றின் ஓவியமுறையும் பாத்திரங்களும் வேறுவேறு. அவற்றைப் பிணைத்த கயிறுகளுள் தலையாயது, மூன்று பிரிவுகளிலும் பொதுவாக ஒலித்த உல்பியோ மினூச்சியின் புதிய இசையாகும். அவ்விசை மீண்டும் மீண்டும் ஒலித்ததனால், வேற்றுக் கதைகள் ஒரு கதை போலத் தோன்றின. மறுபயனின் ஆற்றலை இதனால் அறியலாம். மூலத் தொடர்களின் இசையாளர் உழைப்பு இதனால் மறைந்ததும் உடன் நோக்கற்பாலது.

பழைய சேமிப்பே புதிய தொடரைக் காத்த நிகழ்ச்சியும் உண்டு. ‘டிராகன் பால் இசட்’ கதை 2009 இல் ‘கை’ என்னும் பெயரால் திருத்தி வெளியிடப்பட்டபோது, புதிய இசை சேர்க்கப்பட்டது. அவ்விசையிற் சில பிறர் உரிமையை மீறியிருக்கக்கூடும் என 2011 இல் தயாரிப்பு நிறுவனமே அறிவித்து அதனை நீக்க நேர்ந்தது. வெற்றிடத்தை நிரப்பியது, இருபதாண்டுகளுக்கு முன்னர்ப் பதிவு செய்யப்பட்டுப் பேணப்பட்டிருந்த கிக்குச்சியின் இசையே. பதிந்து, இலக்கமிட்டு, ஒழுங்காக வைத்த சேமிப்பு எக்காலத்தும் கைகொடுக்கும் என்பது இதன் படிப்பினை.

தமிழுக்கு மொழிமாற்றுக் கலை புதியதன்று. ஏ. வி. மெய்யப்பன் கன்னடத்தில் ஆக்கிய அரிச்சந்திரன் கதை 1944 இல் தமிழ் பேசி வெளிவந்தது. இந்தியாவில் மொழிமாற்றப்பட்ட முதற்படம் என்னும் பெருமை அதற்கு உண்டு. இலங்கையில், டைட்டஸ் தொட்டவத்த (1929–2011) ரூபவாஹினியில் வெளிநாட்டுச் சித்திரத் தொடர்களைச் சிங்களத்துக்கு மாற்றியபோது, அவை பிறநாட்டன என்பதையே சிறுவர் மறக்குமாறு செய்தார். இக்காலத்தில் ‘டோரேமான்’, ‘ஷின் சான்’ முதலியன தமிழகத்து ஒலிபரப்பின் வழி தமிழ் பேசுகின்றன. இவற்றிற் பின்னணி இசை பெரும்பாலும் மூலத்தின்படியே நிற்கக் குரல் மட்டும் மாறுகின்றது.

குரல் மட்டும் மாறுதல் எளிய செயலெனக் கருதுதல் கூடாது. யப்பானிய நடிகர் பேசி முடித்த கணத்தில் இசை எழுமாறு மூலத்தில் அமைக்கப்பட்டிருக்கும். தமிழ்ச் சொற்றொடர் வினையை இறுதியிற் கொள்வது. யப்பானிய மொழியும் அவ்வாறே. ஆதலின் சொல்லின் உயிர்நிலை வாக்கியத்தின் இறுதியில் வரும்போது இசையும் அவ்விடத்தே வந்து சேர்தல் இரு மொழிக்கும் இயல்பாகின்றது. ஆங்கிலத்தின் வழியாக மொழிபெயர்க்கும்போது இவ்வியைபு சிதைதல் உண்டு. சொற்கள் மிகுந்து வாக்கியம் நீளுமாயின், இசை எழுந்த பின்னரும் பேச்சு ஓய்வதில்லை, நகைச்சுவை பிந்திவிடுகின்றது. சொற்களைச் சுருக்கி, இசைக்கு இடம் விட்டுப் பேசுவோனே நல்ல மொழிமாற்றாளன். தப்படிக்கு இடம் விட்டுப் பாடும் கூத்தனும் அத்தகையன்.

இந்தியரும் யப்பானியரும் கூடி ஆக்கிய இராமாயணச் சித்திரப்படம் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. யூகோ சாக்கோ, இராம் மோகன் முதலியோர் இயக்கத்தில் 1992 இல் நிறைவுற்ற அப்படத்துக்கு இசை அமைத்தவர் இந்தியராகிய வன்ராஜ் பாட்டியா. முப்பதாண்டு கடந்து 2025 சனவரியில் அது தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மீண்டும் திரைக்கு வந்தது. யப்பானியர் வரைந்த இராமனுக்கு இந்திய இசை பின்னணியாய் நின்றமை, சித்திரம் ஒரு நாட்டுக்கும் இசை ஒரு நாட்டுக்கும் உரியதாயினும் இரண்டும் ஒரு கதையில் இயையக்கூடும் என்பதைக் காட்டிற்று.

இதுகாறும் கூறியவற்றால், மறுபயன் என்பது நன்மை தீமை இரண்டும் உடையது என்பது பெறப்படும். செலவைக் குறைத்தலும், கேட்போர்க்கு இசையை மொழியாகப் பழக்குதலும், வேறுபட்ட பகுதிகளை ஒன்றாகப் பிணைத்தலும் அதன் நன்மைகள். பொருந்தாவிடத்தும் கைக்கு வந்ததை ஒலித்தலும், மௌனத்தை அஞ்சி இடைவிடாது ஒலித்தலும், ஆக்கியோன் பெயரை மறைத்தலும் அதன் தீமைகள். நன்மையும் தீமையும் தெரிவோன் அறிவைப் பொறுத்தன. சேமிப்பு எத்துணை வளமாயினும், எதனை எங்கே ஒலிப்பது, எங்கே ஒலியாது விடுவது என்று அறிவோன் இல்லாவிடின் அது பயன்படாது.

இவ்வாராய்ச்சி மலையகத்தாருக்கு ஒரு கடமையையும் உணர்த்துகின்றது. யப்பானிய இசைச் சேமிப்பு ஒலிநாடாவிற் பதிந்தது. இலக்கமும் பெயரும் இடப்பெற்றது. எழுதியோன் பெயரும் உரிமையும் குறிக்கப்பெற்றது. தப்படிகளின் சேமிப்போ அடிப்போரின் கையிலும் நினைவிலுமே உள்ளது. பிரட்டுக்கு அழைக்கும் அடி வழக்கொழிந்து வருகின்றது. இளையோர் பலர் தோட்டத்தை விட்டு நகரங்களுக்குத் தொழில் நாடிச் செல்கின்றனர். இவற்றோடு, தப்பை இழவுக்கு மட்டும் உரியதாகவும், அதனை அடிப்போரைத் தாழ்ந்தோராகவும் எண்ணிய சாதிச் சிறுமையும் சேர்ந்து, கற்க விரும்புவோரையும் பின்னிடச் செய்தது. தந்தையிடமிருந்து மகன் கற்க நாணுமிடத்து, நூற்றாண்டுகளாய்த் திரண்ட சேமிப்பு ஒரு தலைமுறையிலே அழிந்துபோதல் கூடும். தொலைக்காட்சி இசை மிகுந்தமையால் தப்பு அழிகின்றது என்று கூறுவார் கூற்று முழுதும் பொருந்தாது. டோரேமானின் இசையைக் கேட்டு மகிழும் சிறுவன் தப்படியையும் கேட்டு மகிழ வல்லவனே. அவன் செவிக்கு அது எட்டவேண்டும், அதனை அடிப்போர்க்கு மதிப்பும் வேண்டும் என்பதே செய்தி.

நாட்டுக்கூத்தைப் படித்தோர் இகழ்ந்த காலமும் இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ முதலிய கூத்துகளை மேடையேற்றிய பின்னரே, அவ்விகழ்ச்சி நீங்கத் தொடங்கிற்று. அத்தகைய முயற்சி தப்புக்கும் வேண்டும். ஸ்பிரிங்வெளி முதலான ஊவாத் தோட்டங்களிலும் ஏனைய மலையகத் தோட்டங்களிலும் மாசித் திங்களில் காமன் கூத்து நிகழுமிடத்துச் சென்று, ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பதிந்து, இது வரவுக்குரியது, இது புலம்பலுக்குரியது எனக் குறித்து, அடித்தவர் பெயரையும் உடன் எழுதி வைத்தல் பள்ளி மாணவராலும் இயலும் பணி. இன்று கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகவும் உதவுவதால், பொருட்செலவு தடையாகாது. இசைத் தெரிவாளர் தம் பட்டியலை ஆக்குவது போலவே இப்பட்டியலையும் ஆக்கலாம்.

அத்தகைய பட்டியலொன்று உண்டாயின், பின்னொருநாள் தமிழ்ச் சிறுவர்க்கெனச் சித்திரத் தொடரொன்று தமிழராலே ஆக்கப்படுங்கால், அதன் பின்னணி இசைக்கு அயல்நாட்டுச் சேமிப்பை மட்டும் நாடவேண்டிய நிலை நேராது. வீரன் வரவுக்கு வீரபத்திரன் அடியும், பிரிவுக்கு இரதியின் புலம்பலடியும் அங்கே ஆயத்தமாய் இருக்கும். எடுத்தாள்வோர் இருப்பின் சேமிப்பு வாழும். அதனை எடுத்தாளத்தக்க வடிவிற் பேணித் தருதல், அவ்வடிகளை இன்னும் கேட்கக்கூடிய இத்தலைமுறையின் பொறுப்பாகும்.